பொறுப்புணர்வு அல்ல, குற்றப்பொறுப்பு

பிரிட்டன் கொலை வழக்குச் செய்திகளில் 'டிமினிஷ்ட் ரெஸ்பான்சிபிலிட்டி' (மனப் பிறழ்வைக் காட்டிக் கொலைக்குற்றத்தைக் குறைக்கக் கேட்கும் வாதம்) வந்தால் போதும், 'குறைந்த பொறுப்புணர்வு' என்று எழுதிவிடுகிறார்கள். பொறுப்புணர்வு குறைந்தவன் என்றால் நமக்கு யார்? கரண்ட் பில் கட்ட மறப்பவன். கொலைகாரன் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டதால் சலுகை கிடைத்தது என்றல்லவா வாசகர் நினைப்பார்!

ஆங்கிலச் சொல்லுக்குள் இருப்பது, குறைத்தல் என்னும் லத்தீன் வினை. கருத்து ஸ்காட்லாந்தில் பிறந்தது. 1867இல் டிங்வால் வழக்கில் நீதிபதி டீஸ் அதற்கு வழிவிட்டார். இங்கிலாந்தில் 1957இன் மனிதக்கொலைச் சட்டம் அதை ஏற்றது.

அந்தச் சட்டம் 'மனப் பொறுப்பு' கணிசமாகக் குன்றியதா என்று கேட்டது. அது மருத்துவமா, சட்டமா, அறமா என்று எவருக்கும் தெளிவில்லை. 2009 சட்டம் அதைத் திருத்தியது. 2010 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது, மருத்துவம் ஏற்ற ஒரு நோயால் மனச் செயல்பாடு பிறழ்ந்திருக்க வேண்டும். தன் செயலை உணர்வது, பகுத்து முடிவெடுப்பது, தன்னைக் கட்டுப்படுத்துவது ஆகிய திறன்களில் ஒன்றாவது அதனால் கணிசமாகக் குன்றியிருக்க வேண்டும். கொலைக்கும் அது ஒரு விளக்கமாக அமைய வேண்டும். ஆக, குன்றுவது திறன். அதனால் குறைவது குற்றத்துக்கு ஆளாகும் அளவு. இதில் 'உணர்வு' எங்கே வந்தது?

'மனநலக் குறைவு வாதம்' என்பவர்களும் உண்டு. சரி, அப்படியானால் 'இன்சானிட்டி' எனும் பித்து எதிர்வாதத்தை என்னவென்று சொல்வது? அது வென்றால் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு. இது வென்றாலும் குற்றம் நிற்கும். கொலை மட்டும் ஒருபடி இறங்கி 'மேன்ஸ்லாட்டர்' ஆகும், கட்டாய ஆயுள் தண்டனை விலகும். இந்தியச் சட்டத்தில் பித்துக்குத்தான் இடம் (பழைய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, இன்றைய நியாய சன்ஹிதாவின் 22). தமிழும் ஆட்சிமொழியான சிங்கப்பூரிலோ தண்டனைச் சட்டம் 300ஆம் பிரிவின் 7ஆவது விதிவிலக்கே இதுதான்.

என் தேர்வு 'குன்றிய குற்றப்பொறுப்பு'. 'குறைந்த' என்றால் குறைந்த விலை மாதிரி முதலிலேயே அளவு கம்மி என்று ஆகிவிடும். 'குன்றிய' என்றால் இருந்தது தேய்ந்தது என்று புரியும்.

அப்புறம், 'டிஃபென்ஸ்' என்றதும் 'தற்காப்பு' என்று எழுதும் வழக்கம். தாக்க வந்தவனைத் திருப்பி அடித்தால்தான் தற்காப்பு. நீதிமன்றத்தில் வைப்பது எதிர்வாதம். அதைவிட மோசம், 'மேன்ஸ்லாட்டர்' எல்லாவற்றையும் 'நோக்கமில்லாக் கொலை' ஆக்குவது. குன்றிய குற்றப்பொறுப்பு வகையில் கொல்லும் நோக்கமோ கடுமையாகக் காயப்படுத்தும் நோக்கமோ இருந்திருக்கும். அது இருந்தும் கொலைக்குற்றம் இறங்குவதற்குத்தான் இந்த எதிர்வாதமே.