செஸ் போர்டுக்கு மேல மூணு கட்டம்: 2⁶⁷ − 1 உடைஞ்ச கதை

செஸ் போர்டுல முதல் கட்டத்துல ஒரு நெல்லு, அடுத்ததுல ரெண்டு, அப்புறம் நாலுன்னு வச்சுட்டே போற கதை எல்லாருக்கும் தெரியும். அதப்பத்தி பேசிட்டிருந்தப்ப பதினொன்னாவது படிக்கிற தம்பி ஒருத்தன் கேட்டான், இவ்ளோ பெரிய எண்ணு பகா எண்ணா இல்லையான்னு எப்படிண்ணே பாப்பாங்க, ஒவ்வொன்னா வகுத்துட்டு இருந்தா ஆயுசு பத்தாதேன்னு.

64 கட்டம்னா ஈஸி, மொத்த நெல்லு 2⁶⁴ − 1, அது மூணால வகுபடும். 67 கட்டம்னா மொத்தம் 2⁶⁷ − 1, அதாவது 147573952589676412927. இது பகா எண்தான்னு 1644-ல பிரெஞ்சுத் துறவி மெர்சென் எழுதி வச்சாரு, 1876-ல பிரெஞ்சு கணித அறிஞர் லூகா இல்லைன்னு நிரூபிச்சாரு, ஆனா காரணி என்னன்னு அவருக்கும் தெரியாது. 1903 அக்டோபர்ல நியூயார்க்ல நடந்த கணிதக் கூட்டத்துல ஃபிராங்க் நெல்சன் கோல்ங்கிற அமெரிக்க கணிதப் பேராசிரியர் ஒரு வார்த்தை பேசாம போர்டுல 193707721 × 761838257287-ன்னு பெருக்கிக் காட்டிட்டு உக்காந்தாராம், சபையே கைதட்டுச்சுன்னு சொல்வாங்க.

சரி, எங்க தேடணும்னு எப்படி தெரியும்? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். சின்னதா 2¹¹ − 1 எடுத்துக்கலாம், 2047, அது 23 × 89. இப்ப 1-ல ஆரம்பிச்சு ரெட்டிப்பாக்கிட்டே போங்க, 23-ஐத் தாண்டினா 23-ஐக் கழிச்சுடுங்க: 1, 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, அடுத்து திரும்ப 1. பதினொரு பூ கோத்த மாலை மாதிரி மூடிக்குது. இதுல வராத 5-ல ஆரம்பிங்க: 5, 10, 20, 17, 11, 22, 21, 19, 15, 7, 14, திரும்ப 5! இதுலயும் பதினொன்னு. 1-லருந்து 22 வரைக்கும் ஒரு பூ கூட மிச்சமில்லாம ரெண்டு மாலையில அடங்கிடுச்சு, அதான் 22 பதினொன்னால வகுபடுது.

2⁶⁷ − 1-க்கும் இதே கதைதான். அதோட பகாக் காரணி எதை எடுத்தாலும் 67 தடவை ரெட்டிப்பாக்கினா திரும்ப 1 வந்துடும், அதனால மாலைக்கு 67 பூ, குட்டையான மாலை வர வாய்ப்பில்ல, ஏன்னா 67 பகா எண். அப்போ காரணியில ஒண்ணு குறைச்சா 67-ஆல வகுபட்டே ஆகணும், அது இரட்டைப்படையா வேற இருக்கும், ஆக 134-ஆல வகுபடும். 1, 135, 269, 403-ன்னு இந்த வரிசைய மட்டும் பாத்தா போதும், மத்ததெல்லாம் தொடவே வேணாம்! கோல் இன்னும் சில வடிகட்டியும் சேத்துதான் பிடிச்சாரு.

பேர்ல ஒரு எழுத்து கூட்டினா அதிர்ஷ்டம்னு நியூமராலஜிக்கு ஆயிரக்கணக்குல காசு கொடுக்குறவங்கள பாத்தா எனக்கு வருத்தமாத்தான் இருக்கு, எண்ணுக்குள்ள நெஜமா இருக்குற ஒழுங்கு இந்த மாலைதான், பாக்குறதுக்கு ஒரு பேப்பரும் பேனாவும் போதும். பெரிய எண்ண உடைக்கிறது கஷ்டம்ங்கிறத நம்பித்தான் நெட்ல ரகசியத் தகவலப் பூட்டி அனுப்புற ஆர்எஸ்ஏ முறையே இருக்கு, அதனால "இதுல என்ன பிரயோஜனம்"னு சொல்லி இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு காச வெட்டுறது தப்புன்னுதான் சொல்வேன்.

தம்பிகிட்ட கால்குலேட்டர குடுத்து 193707720-ஐ 134-ஆல வகுக்கச் சொன்னேன். 1445580, மீதி இல்ல. இன்னொரு காரணிக்கும் வருமான்னு கேட்டுட்டு அவனே அடிச்சுப் பாத்தான், 5685360129, அதுலயும் மீதி இல்ல.