டிரான்ஸ்கிரெஸ்: எல்லைக்கு அப்பால் வைக்கும் அடி

விதியை மீறுவதைச் சொல்ல ஆங்கிலத்தில் வினைச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. 'இன்ஃப்ரிஞ்ச்' என்பதன் லத்தீன் வேருக்கு உடைத்தல் என்று பொருள். 'வயலேட்' என்பதில் வன்முறை ஒளிந்திருக்கிறது. 'டிரான்ஸ்கிரெஸ்' என்பதிலோ எதுவும் உடைவதில்லை. 'டிரான்ஸ்' என்றால் அப்பால், 'கிராடி' என்றால் அடியெடுத்து வைத்தல். கோட்டுக்கு அந்தப் பக்கம் காலை வைப்பதுதான் இதன் மூலப்பொருள். லத்தீனில் பிறந்து, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது.

அதே 'கிராடி'யின் வழியில் வந்தவைதான் புரோகிரஸும் அக்ரெஷனும். முன்னோக்கி அடிவைத்தால் புரோகிரஸ், ஒருவரை நோக்கிப் பாய்ந்து அடிவைத்தால் அக்ரெஷன். வடமொழியிலும் இதே எண்ணம் உண்டு. 'கிரமம்' என்பது அடிவைப்பு. அதைத் தாண்டி வைத்தால் 'அதிக்கிரமம்', பிறர் இடத்தில் வைத்தால் 'ஆக்கிரமிப்பு'. 'அக்கிரமம்' மட்டும் வேறு: அது முறை இல்லாமை. இந்த மூன்றையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

சரி, தமிழில்? 'மீறு' என்பதே போதும். மீ, மீது என்னும் சொற்களோடு உறவுடையது அது; அளவுக்கு மேலே போவதைச் சொல்கிறது. 'வரம்பு மீறுதல்' என்றால் இன்னும் அழகு. வரம்பு என்பது வயலின் வரப்பு. ஒருவர் நிலம் எங்கே முடிகிறது என்று காட்டும் மண்மேடு அது. அதைத் தாண்டி வைத்த அடி ஈரச்சேற்றில் பதிந்து நிற்கும். 'அத்துமீறல்' என்பதிலும் எல்லைதான் இருக்கிறது: 'அத்து' உருது வழியாக வந்த அரபுச் சொல். ஆனால் அதை 'டிரெஸ்பாஸ்' என்பதற்கு, அதாவது பிறர் இடத்தில் அனுமதியின்றி நுழைவதற்கு, விட்டுவிடுவது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்த இணை பழந்தமிழில் இருக்கிறது: 'இற'. இன்று அது சாவை மட்டும் குறிக்கிறது. அன்று அதன் பொருள் கடந்து செல்லுதல். கடந்துபோன காலம் என்பதால்தான் இறந்தகாலம். "பொறுத்தல் இறப்பினை என்றும்" என்ற குறளில் யாரும் சாகவில்லை. அங்கே இறப்பு என்பது பிறர் எல்லை கடந்து செய்த தீங்கு. பிறன் மனை நாடுபவனை வள்ளுவர் 'இல்லிறப்பான்' என்கிறார்: அடுத்தவன் இல்லத்துக்குள் வரம்பு கடந்து போகிறவன். டிரான்ஸ்கிரெஸ் என்பதற்கு இதைவிட நெருக்கமான படம் கிடைக்காது. ஆனால் இன்று 'இறப்பு' என்று எழுதினால் வாசகர் மரணத்தைத்தான் நினைப்பார். மீட்க முடியாத சொல்.

தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு ஒன்று 'மீறுதல்' என்றே சொல்கிறது: "எவனுடைய மீறுதல் மன்னிக்கப்பட்டதோ, எவனுடைய பாவம் மூடப்பட்டதோ". பாவத்தையும் மீறலையும் தனித்தனியாக வைத்த கவனத்தைப் பாருங்கள்.

ஒரே இடத்தில்தான் 'மீறு' கைகொடுக்காது. கடல் மட்டம் நிலத்தோடு ஒப்பிட உயர்ந்து, கரைக்கோடு மெல்ல நிலத்துக்குள் நகர்வதை நிலவியலில் டிரான்ஸ்கிரெஷன் என்கிறார்கள். அங்கே விதியும் இல்லை, குற்றமும் இல்லை. 'கடல்கோள்' என்றால் திடீர்ப் பேரழிவு நினைவுக்கு வரும். 'கடல் முன்னேற்றம்' என்பது பொருந்தும். கடல் விலகும்போது 'கடல் பின்வாங்கல்'.

அப்புறம், டிரான்ஸ்கிரெஸர் என்பதைக் 'குற்றவாளி' என்று எழுதாதீர்கள். குற்றவாளி என்பது தீர்ப்புக்குப் பின் வரும் பெயர். 'மீறியவர்' என்று எழுதுங்கள்.