நீலப் பம்ப் அடைத்துக்கொள்வது ஏன்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே மெரிபேங்க் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு பம்பைப் பார்க்கலாம். கைப்பையில் இருக்கும், பிள்ளையின் பள்ளிப் பையில் இருக்கும், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் கற்பூர டப்பாவோடு சேர்ந்தும் இருக்கும். பம்ப் என்றால் இந்த ஊரில் ஆஸ்துமா இன்ஹேலர்தான். பல ஆண்டுகள் இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் ஒரு காகித ஆலைக்கும் நடுவில் வாழ்ந்த ஊர் இது. செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் 2000-களின் தொடக்கத்தில் நட்டால் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து பிள்ளைகளின் மூச்சைச் சோதித்தன. ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளிடம் ஏதோ ஓர் அளவில் ஆஸ்துமா இருந்தது. ஒரு ஆலையில் 2020 டிசம்பரில் தீப்பிடித்து வேலை நின்றது, இன்னொன்று 2022-இல் நின்றது. பம்ப் வாங்குவது மட்டும் நிற்கவில்லை.

இந்தப் பம்புகளில் பல அடைத்துக்கொண்டிருக்கின்றன. அடைத்திருப்பது வைத்திருப்பவருக்கே தெரிவதில்லை என்பதுதான் என் கவலை. வேப் பேனா, அதாவது மின்-சிகரெட், அடைத்தால் இழுப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். இழுத்தால் காற்றே வராது. பம்ப் அப்படியில்லை. பாதி அடைத்திருந்தாலும் அமுக்கினால் 'புஸ்' என்று சத்தம் வரும், ஏதோ நாக்கில் படும். மருந்து போய்விட்டது என்றுதான் எவரும் நினைப்பார்.

பம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டால் அடைப்பு ஏன் வருகிறது என்பது தானாகவே விளங்கிவிடும்.

உள்ளே இருப்பது அலுமினியக் குப்பி, வெளியே இருப்பது பிளாஸ்டிக் கூடு. குப்பிக்குள் எச்எஃப்ஏ என்ற உந்து வாயு திரவமாக அடைபட்டிருக்கிறது. அறை வெப்பத்தில் அதன் அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஐந்து ஆறு மடங்கு. நீலப் பம்ப் என்பது இளைப்பை உடனே தணிக்கும் பம்ப். அதில் இருக்கும் சால்பியூட்டமால் மருந்து அந்தத் திரவத்தில் கரைவதில்லை. மிக நுண்ணிய தூளாக மிதக்கிறது. சும்மா வைத்திருந்தால் தூள் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அமுக்குவதற்கு முன் குலுக்கச் சொல்வது அதனால்தான். குலுக்காமல் அடித்தால் ஒரு அடியில் மருந்து குறைவாகவும் இன்னொரு அடியில் அதிகமாகவும் வரும்.

குப்பியின் வாயில் ஒரு வால்வு. அதற்குள் ஏறக்குறைய ஒரு சொட்டு பிடிக்கும் சின்ன அறை. குப்பியை அமுக்கும்போது இந்த அறைக்கும் குப்பிக்கும் இடையே உள்ள வழி மூடிக்கொள்கிறது, வெளிப்பக்க வழி திறக்கிறது. அந்த ஒரு சொட்டு மட்டும் குழல் வழியாகக் கூட்டுக்குள் பாய்கிறது. கூட்டின் அடியில் இருக்கும் துளை வழியாகத்தான் அது வெளியே வந்தாக வேண்டும். அந்தத் துளையின் விட்டம் அரை மில்லிமீட்டர், சில பம்புகளில் அதைவிடவும் குறைவு.

எச்எஃப்ஏ 134ஏ கொதிப்பது மைனஸ் 26 டிகிரியில். அழுத்தம் விலகியதும் கொதித்துச் சிதறி, கண் இமைப்பதற்குள் ஆவியாகிவிடுகிறது. மிஞ்சுவது மருந்துத் தூள் மட்டும். ஒரு அடியில் 100 மைக்ரோகிராம், அதாவது ஓரிரண்டு மேசை உப்புப் பரலின் எடைதான். அவ்வளவுதான் மருந்து! அதிலும் 1 முதல் 5 மைக்ரோமீட்டர் வரை அளவுள்ள துகள்கள்தான் நுரையீரலின் சிறு குழாய்களுக்குப் போய்ச் சேரும். பெரியவை தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே தங்கிவிடும். நல்ல பம்பாகவே இருந்தாலும் ஒவ்வொரு அடியிலும் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும்தான் போகிறது. இவ்வளவு இறுக்கமான கணக்கில் துளை கொஞ்சம் சுருங்கினாலும் இழப்பு பெரிது.

துளை சுருங்குவது எப்படி? ஒவ்வொரு அடியிலும் மருந்தில் ஒரு பங்கு கூட்டிலேயே ஒட்டிக்கொள்கிறது. உந்து வாயு ஆவியாகும்போது துளையைச் சுற்றியுள்ள இடத்தைச் சில்லென்று குளிர வைக்கிறது. ஜனவரி, பிப்ரவரி மாத டர்பன் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. போதாததற்கு பம்பில் வாயை வைத்தபடியே மூச்சை வெளியே விடுபவர்கள் பலர். ஈரம் பட்ட தூள் இறுகிக் காய்கிறது. அதன்மேல் அடுத்த அடியின் தூள். மூடியைத் தொலைத்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டால் துணிப் பிசிறும் பிஸ்கட் துகளும் வந்து சேரும்.

வயதானவர்கள் பம்பைக் கழுவாததற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. இந்த வகைப் பம்ப் 1956-இல் அமெரிக்காவின் ரைக்கர் ஆய்வகத்திலிருந்து வந்தது. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தும் இருக்கக் கூடாதா என்று ஆய்வகத் தலைவர் ஜார்ஜ் மெய்சனிடம் அவருடைய 13 வயது மகள் கேட்டதிலிருந்து அது பிறந்தது என்பார்கள். அப்போது உந்து வாயு சிஎஃப்சி. மருந்துத் தூள் ஒட்டாமல் இருக்க வழுக்கும் பொருள்களையும் அதில் கலப்பது வழக்கம். சிஎஃப்சி ஓசோன் படலத்தை அரிப்பது தெரியவந்து, 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக எச்எஃப்ஏ வந்தது. புதிய கலவைகள் சிலவற்றில் அந்த வழுக்கும் பொருள் இல்லவே இல்லை. ஓசோனுக்கு நல்லது, துளைக்குத்தான் கொஞ்சம் சிரமம். பழைய பம்பை ஆண்டுக்கணக்காகக் கழுவாமலே பயன்படுத்திய ஆயாவுக்கு, புதிய பம்பைக் கழுவ வேண்டும் என்று யார் சொல்லியிருப்பார்கள்? சொல்லும் வேலை டிஸ்பென்சரியிலோ கிளினிக்கிலோ நடந்திருக்க வேண்டும். அங்கே வரிசை நீளம்.

அடைத்த பம்பிலிருந்து மருந்து குறைவாக வரும், கோணலாகவும் வரும். நேராகப் போக வேண்டிய புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து நாக்கிலும் கன்னத்திலும் அடிக்கும். சொட்டுகளும் பெரிதாகிவிடும். இரண்டு அடியில் தணிந்த இளைப்புக்கு நாலு அடி, அப்புறம் ஆறு என்று போகும். ஆஸ்துமா முற்றிவிட்டது என்று வீட்டில் பயப்படுவார்கள், இல்லையென்றால் பம்ப் தீர்ந்துவிட்டது என்று குப்பையில் போடுவார்கள்.

இப்போதே உங்கள் பம்பை எடுத்துப் பாருங்கள். குப்பியை மேலே இழுத்தால் கழன்று வரும். கூட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, வாய் வைக்கும் பக்கமாக உள்ளே பாருங்கள். அடியில் ஒரு சின்ன மேடு தெரியும், அதன் நடுவில் உங்களைப் பார்த்தபடி ஒரு புள்ளி. அதுதான் துளை. சுத்தமான கூட்டில் அந்தப் புள்ளியின் விளிம்பு கூர்மையாக, வட்டமாக இருக்கும். கழுவாத கூட்டில் புள்ளியைச் சுற்றி வெள்ளையாக ஒரு படலம், சில இடங்களில் பொருக்குப் பொருக்காக. விரல் நகத்தால் தொட்டால் மாவாக உதிரும். அது வெறும் அழுக்கில்லை, உங்கள் மார்புக்குள் போயிருக்க வேண்டிய மருந்து. குப்பியைத் திரும்ப மாட்டி, குலுக்கி, ஒரு கறுப்புத் துணிக்கு முன்னால் ஒரு முறை அடித்தால் புகை நேராகப் போகிறதா, சாய்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

கழுவுவது எளிது. குப்பியைக் கழற்றித் தனியாக வையுங்கள், அதில் தண்ணீர் படவே கூடாது. கூட்டை வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரில் மேல்பக்கமிருந்து அரை நிமிடம், வாய்ப்பக்கமிருந்து அரை நிமிடம் பிடியுங்கள். நன்றாக உதறுங்கள். துளையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால்கூட அடுத்த அடியை அது மறித்துவிடும், அதனால் இந்த உதறலில் சோம்பல் கூடாது. ராத்திரி முழுக்கக் காய விடுங்கள். காலையில் குப்பியை மாட்டிக் குலுக்கி, முகத்துக்கு அப்பால் ஓரிரு முறை அடித்துவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். வாரம் ஒரு முறை போதும். வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்கும் வீடுகளில் அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கூடு ஈரமாக இருக்கும்போதே யாருக்காவது மூச்சுத் திணறினால் காயும்வரை காத்திருக்கக் கூடாது. தண்ணீரை உதறி, குப்பியை மாட்டி, இரண்டு முறை காற்றில் அடித்துவிட்டு மருந்தைக் கொடுங்கள். அப்புறம் மறுபடி கழுவிக் காயவைக்கலாம்.

ஊசி, குண்டூசி எதையும் துளைக்குள் விடாதீர்கள். அடைப்பு போகும், துளையின் விளிம்பும் சிதையும். அதன் பிறகு எத்தனை முறை கழுவினாலும் புகை நேராக வராது.

இளைஞர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேப் பேனாவின் அடைப்பை எடுக்கும் உத்திகள் பம்புக்கு ஆகாது, ஏனென்றால் இரண்டும் எதிரெதிர் காரணங்களால் அடைக்கின்றன. வேப் பேனாவில் சூட்டுக் கம்பி ஒரு திரவத்தை ஆவியாக்குகிறது. அதில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியில் கொதிக்கும், கிளிசரின் 290 டிகிரியில். இவ்வளவு சூட்டில் எழுந்த ஆவி வாய்ப்பக்கக் குழாயின் குளிர்ந்த சுவரில் பட்டதும் மறுபடி திரவமாகிறது. கிளிசரின் பாகு மாதிரி கெட்டியானது, வழிந்து போகாமல் அங்கேயே தங்கி வழியை மூடுகிறது. கஞ்சா எண்ணெய் நிரப்பியவற்றில் இது இன்னும் அதிகம், அந்த எண்ணெய் ஆறினால் பிசினாகிவிடும். அதனால் வேப் பேனாவை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினால் கெட்டியானது இளகும், நிமிர்த்தி வைத்தால் குழாய்க்குள் இறங்காது, வாய்ப்பக்கத்தை அவ்வப்போது துடைத்தால் சேராது. பம்பில் அடைத்திருப்பது காய்ந்த தூள், சூட்டுக்கு இளகாது. சூடு ஏறினால் ஏறுவது குப்பியின் அழுத்தம்தான். 50 டிகிரிக்கு மேல் போக விடாதீர்கள் என்று குப்பியிலேயே எச்சரிக்கை இருக்கும், வெடிக்கும் ஆபத்து உண்டு. டிசம்பர் வெயிலில் கடற்கரையில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு பம்ப் வைக்கும் இடமில்லை. ஆஸ்துமா இருப்பவர் வேப் இழுக்கவே கூடாது என்பது என் கருத்து. சுருங்கத் தயாராக இருக்கும் மூச்சுக்குழாயை அந்த ஆவி மேலும் உறுத்துகிறது.

குப்பியில் மருந்து மீதியிருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீரில் மிதக்கவிடும் பழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. மூழ்கினால் நிறைய, மிதந்தால் காலி என்று கணக்கு. இது நம்பத்தக்கதில்லை, வால்வுக்குள் தண்ணீர் புகுந்து அடைக்கவும் செய்யும். பெரும்பாலான நீலப் பம்பில் 200 அடி. அதற்குப் பிறகும் உந்து வாயு மிச்சம் இருப்பதால் 'புஸ்' வரும், மருந்து மட்டும் ஒழுங்காக வராது. எண் காட்டும் பம்ப் இல்லையென்றால் தொடங்கிய தேதியைக் கூட்டின்மேல் எழுதி, நாளொன்றுக்கு எத்தனை அடி என்று கணக்கு வையுங்கள். நாளுக்கு நாலு அடி என்றால் 50 நாள். அவ்வளவு தேவைப்படுகிறது என்றாலே அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய செய்தி. நீலப் பம்பை மட்டும் நம்பி ஆஸ்துமாவைச் சமாளிக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019-லிருந்தே சொல்கிறது. கூடவே மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு தடுப்பு மருந்தும் வேண்டும். சுத்தமான பம்பில் அடித்தும் இளைப்பு அடங்கவில்லை, அல்லது நாலு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால் அடைப்பைத் தேடிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

தடுப்பு மருந்துப் பம்புகளில் கழுவும் முறை மாறும். சிலவற்றில் ஸ்டீராய்டு உந்து வாயுவில் முழுதாகக் கரைந்திருக்கும். அப்படிப்பட்டவை சிலவற்றைத் தண்ணீரில் கழுவாமல் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும் என்று துண்டுத்தாளில் போட்டிருக்கும். தூளாகவே இழுக்கும் வகை, வட்டமாகவோ உருளையாகவோ வருவது, தண்ணீரையே காணக் கூடாது. அதில் உந்து வாயு இல்லை, நாம் இழுக்கும் இழுப்புதான் தூளைக் கிளப்புகிறது. அதற்குள் மூச்சை விட்டாலோ மூடாமல் குளியலறையில் வைத்தாலோ தூள் கட்டி தட்டிவிடும். டர்பன் மாதிரி ஊரில் அதை அலமாரியில், மூடி இறுக்கி வைப்பதே நல்லது.

பிள்ளைகளுக்குப் பம்பை ஸ்பேசர் வழியாக, அதாவது பம்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் வெற்றுக் குடுவை வழியாகக் கொடுத்தால் பெரிய சொட்டுகள் அதன் சுவரிலேயே நின்றுவிடும், சிறியவை மட்டும் மார்புக்குப் போகும். ஸ்பேசர் வாங்க வசதியில்லாத வீடுகளுக்காகக் கேப் டவுன் செஞ்சிலுவைக் குழந்தைகள் மருத்துவமனையில் ஹெதர் ஸார் குழு 500 மில்லி கூல்ட்ரிங்க் பாட்டிலைச் சோதித்தது. பாட்டிலின் அடியில் பம்பின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, பசையால் இறுக்கமாக ஒட்டினார்கள். ஆஸ்துமா இழுப்போடு வந்த பிள்ளைகளுக்குக் கடையில் விற்கும் ஸ்பேசர் செய்த வேலையை அந்த ஒட்டிய பாட்டிலும் செய்தது என்று 1999-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஒட்டாத பாட்டில் அவ்வளவு வேலை செய்யவில்லை, பாலிஸ்டைரின் கப் அதற்கும் கீழே. பாட்டிலையும் கழுவ வேண்டும், ஆனால் முறை வேறு. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைக்காமல் அப்படியே வடிய விடுங்கள். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்துத் துகளைச் சுவருக்கு இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு அடிக்கும் முன் பம்பைக் குலுக்கி, ஒரு முறை அடித்து, பிள்ளையை அஞ்சாறு முறை நிதானமாக மூச்சு இழுத்து விடச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு அடுத்த அடி.