கூடி நிற்பவர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார், சுற்றிலும் பலர் நின்றும் ஒருவர்கூட அவரைத் தூக்க முன்வரவில்லை என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம், மனிதர்களுக்கு மனம் மரத்துப்போய்விட்டது என்று நாம் வருந்துகிறோம். வருத்தம் நியாயமானதுதான்; ஆனால் அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறானது என்பதைக் கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சமூக உளவியலாளர்கள் நடத்திய சோதனைகள் காட்டியிருக்கின்றன. அப்படி நிற்பவர்களில் பலருக்கு இரக்கம் இருக்கிறது. அது செயலாக மாறுவதற்கு முன்பே எங்கோ தடைப்பட்டுவிடுகிறது. அது எங்கே தடைப்படுகிறது என்று தெரிந்துகொள்வது நம் ஒவ்வொருவருக்கும் பயன்படும்.

இந்த ஆராய்ச்சியைத் தூண்டியது, 1964-ஆம் ஆண்டு மார்ச் 13 அன்று அதிகாலையில் நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் நடந்த ஒரு கொலை. கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் வேலை முடிந்து வீடு திரும்பும்போது, தன் குடியிருப்புக்கு அருகிலேயே கத்தியால் குத்தப்பட்டார். முப்பதுக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தும் யாரும் காவல்துறையை அழைக்கவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் எழுதியது. அச்செய்தி பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்பது பல ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. பெரும்பாலோர் ஏதோ ஒரு கூச்சலை மட்டுமே கேட்டிருந்தனர். ஒருவர் சன்னலிலிருந்து கத்தி, தாக்கியவனை அப்போதைக்கு விலகி ஓடச் செய்தார். சோபியா ஃபரார் என்ற அண்டை வீட்டுப் பெண், கொலையாளி அங்கேயே இருக்கக்கூடும் என்ற நிலையிலும் ஓடிவந்து, உயிர் பிரிந்துகொண்டிருந்த கிட்டியைத் தம் கைகளில் தாங்கிக்கொண்டார். பொய்யாகிப்போன பகுதி உலகெங்கும் பாடநூல்களில் ஏறியதும், சோபியாவின் துணிவு பல ஆண்டுகள் அறியப்படாமலே கிடந்ததும் எனக்கு இன்றும் வேதனை தருகின்றன.

ஆயினும் அச்செய்தி எழுப்பிய கேள்வி உண்மையான கேள்வி. நியூயார்க்கில் பணியாற்றிய ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரு இளம் உளவியலாளர்கள், உடனிருப்போர் எண்ணிக்கைக்கும் உதவிக்கும் தொடர்பு உண்டா என்று சோதித்துப் பார்க்க முடிவு செய்தனர். 1968-இல் வெளியான அச்சோதனையில், கல்லூரி மாணவர்கள் தனித்தனி அறைகளில் அமர்ந்து, ஒலிவாங்கி வழியாக ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் படிப்புக் கால இடர்பாடுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லப்பட்டது. தனக்கு வலிப்பு வருவதுண்டு என்று தொடக்கத்திலேயே குறிப்பிட்ட ஒரு மாணவரின் குரல், சிறிது நேரத்தில் குழறி, திணறி, உதவி கேட்டுத் தேய்ந்து போகும். அது முன்பே பதிவு செய்யப்பட்ட குரல் என்பது கேட்பவருக்குத் தெரியாது. தானும் அந்த நோயாளியும் மட்டுமே இணைப்பில் இருக்கிறோம் என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர், வலிப்பு ஓய்வதற்குள்ளேயே எழுந்து சென்று தகவல் சொன்னார்கள். இன்னும் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்பியவர்களிடம் அது 62 விழுக்காடாகவும், தன்னைத் தவிர நால்வர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களிடம் 31 விழுக்காடாகவும் குறைந்தது.

இந்த எண்களைவிட முக்கியமானது, எழாமலே இருந்துவிட்டவர்களின் நிலை. ஆறு நிமிடங்கள் கழித்து ஆய்வாளர் அறைக்குள் நுழைந்தபோது அவர்களில் பலருக்குக் கைகள் நடுங்கின, உள்ளங்கைகள் வியர்த்திருந்தன. அந்த மாணவருக்கு என்னவாயிற்று என்று பதற்றத்தோடு கேட்டார்கள். உதவுவதில்லை என்று அவர்கள் முடிவு செய்திருக்கவில்லை. எந்த முடிவுக்கும் வர இயலாமல், மற்றவர் யாராவது இந்நேரம் போயிருப்பார் என்ற எண்ணத்துக்கும் போகாவிட்டால் என்னாகும் என்ற அச்சத்துக்கும் இடையில் சிக்கிக்கொண்டிருந்தார்கள். தனியாக இருப்பவர்மேல் முழுமையாக விழும் பொறுப்பு, பலர் இருக்கும்போது சிதறி, ஒருவரையும் அசைக்காத அளவுக்கு இலேசாகிவிடுகிறது.

அவ்விருவரும் நடத்திய வேறொரு சோதனை இன்னொரு தடையை வெளிப்படுத்தியது. காத்திருப்பு அறையில் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது சுவரிலுள்ள துளை வழியாகப் புகை வரத் தொடங்கும். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் வெளியே போய்ச் சொன்னார்கள். எதுவுமே நடக்காததுபோல் எழுதிக்கொண்டிருக்க முன்பே சொல்லிவைக்கப்பட்ட இருவருடன் அமர்ந்த பத்துப் பேரில் ஒருவர் மட்டுமே போய்ச் சொன்னார். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், புகையைக் கையால் விலக்கிக்கொண்டே எழுதினார்கள். பின்னர் கேட்டபோது, அது நீராவி என்றோ குளிர்சாதனக் கருவியிலிருந்து வரும் ஆவி என்றோதான் நினைத்ததாகக் கூறினார்கள். நிலைமை விளங்காதபோது நாம் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறோம். அவர் கலங்காமல் இருந்தால் கலங்க ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். அதே கணத்தில் அவரும் நம் அமைதியான முகத்தைப் பார்த்தே அமைதியடைகிறார் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. பேருந்து நிலையத்தில் வழி தெரியாமல் திகைத்து நிற்கும் முதியவரையும், அலுவலகத்தில் கண் கலங்க அமர்ந்திருக்கும் சக ஊழியரையும் நல்லவர்கள் பலர் கடந்து போய்விடுவது இதனால்தான்.

அவசரமும் ஒரு தடை. டார்லியும் டேனியல் பேட்சனும் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களிடம் நடத்தி 1973-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் ஒரு தலைப்பில் பேசப் போகும் வழியில் ஒருவர் தலை கவிழ்ந்து இருமியபடி சாய்ந்து கிடந்தார். நேரம் இருப்பதாக எண்ணியவர்களில் 63 விழுக்காட்டினரும், ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரும் உதவினார்கள். அடிபட்டுக் கிடந்த அயலானுக்கு உதவிய நல்ல சமாரியன் பற்றிய விவிலியக் கதையைப் பேசப் போனவர்கள், வேறு தலைப்பில் பேசப் போனவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவுக்குக் கூடுதலாக உதவிவிடவில்லை.

இந்தத் தடைகளை உடைப்பது கடினமன்று. நியூயார்க்கின் ஜோன்ஸ் கடற்கரையில் தாமஸ் மோரியார்ட்டி நடத்தி 1975-இல் வெளியிட்ட சோதனையில், ஒருவர் தம் வானொலிப் பெட்டியை மணலில் வைத்துவிட்டுப் போவார். சற்று நேரத்தில் வேறொருவர் வந்து அதைத் தூக்கிக்கொண்டு நடப்பார். போகும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் பெட்டியைப் பற்றி எதுவும் சொல்லாமல் வேறெதையோ மட்டும் கேட்டிருந்தபோது, இருபது பேரில் நால்வரே திருடனைத் தடுத்தார்கள். ‘இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லியிருந்தபோது, இருபதில் பத்தொன்பது பேர் தடுத்தார்கள். ஒரே ஒரு வேண்டுகோளில், அந்நியரின் பொருளுக்காகத் திருடனை எதிர்கொள்ளும் அளவுக்கு மனிதர்கள் மாறியிருக்கிறார்கள். ஆகவே விபத்து நடந்த இடத்தில் ‘யாராவது ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்’ என்று பொதுவாகக் கத்துவதைவிட, ‘நீலச் சட்டை போட்ட தம்பி, நீங்கள் 108-ஐக் கூப்பிடுங்கள், அக்கா, நீங்கள் வண்டிகளை ஓரமாகப் போகச் சொல்லுங்கள்’ என்று ஆளைச் சுட்டிச் சொல்வது பலமடங்கு பயன்தரும்.

கூட்டம் எப்போதுமே உதவியைக் கெடுத்துவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்து அண்மையில் வெளியான ஓர் ஆய்வு, பத்தில் ஒன்பது நிகழ்வுகளில் சுற்றி நின்ற ஒருவராவது தலையிட்டிருப்பதைக் கண்டது. ஆட்கள் கூடக்கூட, யாரோ ஒருவர் தலையிடும் வாய்ப்பும் கூடியது. ஆபத்து ஐயத்துக்கு இடமின்றித் தெரியும் இடங்களில் தயக்கம் தளர்கிறது என்பதை வேறு ஆய்வுகளும் உறுதி செய்கின்றன.

நம் நாட்டில் இவற்றோடு காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேருமோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. அதற்குச் சட்டம் இப்போது தெளிவாகவே விடை சொல்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-இல் கட்டாயத் தன்மை வழங்கியது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர முடியாது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரை வற்புறுத்தக் கூடாது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆகவே, பணத்துக்கு யார் பொறுப்பு என்று அஞ்சியும் ஒதுங்க வேண்டியதில்லை.

இவற்றைத் தெரிந்துகொள்வதால் மட்டும் நடத்தை மாறுமா என்ற கேள்விக்கும் சோதனை உண்டு. அமெரிக்காவின் மொன்டானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் பீமனும் அவருடைய குழுவினரும், மேற்சொன்ன ஆய்வுகளைப் பற்றிய விரிவுரையை மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் வழங்கினார்கள். இரண்டு வாரங்கள் கழித்து, அதற்குத் தொடர்பில்லாத வேறோர் இடத்தில், எதையும் கண்டுகொள்ளாமல் நடக்கும் ஒருவருடன் அம்மாணவர்கள் போகும்போது வழியில் ஒருவர் துவண்டு கிடந்தார். விரிவுரையைக் கேட்காதவர்களில் 25 விழுக்காட்டினரும் கேட்டவர்களில் 43 விழுக்காட்டினரும் நின்று உதவினார்கள்.