“எலி கடிக்கவே இல்லையே டாக்டர்!”

தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம் அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். ஐந்து நாள் காய்ச்சல். டெங்கு இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டதால் வீட்டில் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். கண் மஞ்சளானதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். சிறுநீர் சரியாகப் போகவில்லை என்றதும்தான் பயம் வந்திருக்கிறது.

கெண்டைக்காலை லேசாக அமுக்கினேன், அலறிவிட்டார். கண்ணில் பீளை இல்லை, ஆனால் நல்ல சிவப்பு. பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் ஆழமான பித்தவெடிப்பு. “வீட்டில் எலித் தொல்லை உண்டா அம்மா?” என்று கேட்டேன். “அது எந்த வீட்ல இல்ல? ஆனா கடிக்கவே இல்லையே டாக்டர்” என்றார்.

எலிக்காய்ச்சல் என்றாலே எலி கடித்து வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது எலியின் சிறுநீரால் வருகிறது. லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. மாதக்கணக்கில் அதை வெளியே விட்டுக்கொண்டே ஓடித் திரியும். காய்ந்த தரையில் கிருமி சீக்கிரம் செத்துவிடும். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வெடிப்பு, சேற்றுப்புண், சிராய்ப்பு, கண், வாய் என எதன் வழியாகவும் உடலுக்குள் போகும். இந்த அம்மா பண்டிகைக்கு வீடு ஒழிக்கும்போது, கொல்லையில் அடைத்துக்கொண்ட சலதாரையில் வெறுங்காலோடு நின்று குத்திவிட்டிருக்கிறார். பத்தாம் நாள் காய்ச்சல்.

காய்ச்சல், காமாலை, சிறுநீரகப் பாதிப்பு மூன்றும் ஒன்றாக வரும் இந்த நிலையை 1886-இலேயே ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் வைல் விவரித்துவிட்டார். அந்த நிலைக்குப் போகும்வரை காத்திருந்து வருகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். ஆரம்பத்திலேயே வந்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற விலை குறைந்த மாத்திரையே பெரும்பாலும் போதும். இவருக்கோ டயாலிசிஸ் வரை போக வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டார், நல்லவேளை.

இன்னொரு சிக்கல், முதல் சில நாட்களில் ரத்தப் பரிசோதனை செய்தால் இந்த நோய் இருந்தும் ‘நெகட்டிவ்’ என்று வரலாம். அதனால் சந்தேகத்தின் பேரிலேயே சிகிச்சையைத் தொடங்குவோம். அந்தச் சந்தேகம் எங்களுக்கு வர வேண்டுமானால் நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும்: வீட்டில் எலி ஓடுகிறது, தேங்கிய தண்ணீரில் நின்றேன், சாக்கடை சுத்தம் செய்தேன் என்று. வீட்டில் எலி இருப்பதைச் சொல்ல நிறையப் பேர் கூச்சப்படுகிறார்கள். தயவுசெய்து கூச்சப்படாதீர்கள்.

மழைக்காலத்தில் கொல்லைப்புறம் போகச் செருப்பு, சாக்கடையில் கை வைக்க ரப்பர் உறை. எலி கடித்துப்போட்ட பழத்தில் நல்ல பக்கத்தை மட்டும் நறுக்கிச் சாப்பிடும் பழக்கம் வேண்டாம். எலிப்புழுக்கை கிடந்தால் பிளீச்சிங் கரைசல் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். இரவில் சிந்திய சோற்றை அள்ளி, குப்பைக்கூடையை மூடினாலே எலி வருவது பாதி குறையும். ஒரு விரல் நுழையும் ஓட்டை இருந்தாலும் சுண்டெலி வந்துவிடும். சிமெண்ட் பூசி அடையுங்கள்.

அப்புறம், எலி மருந்து. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூண்டு வைத்துப் பிடிப்பதே நல்லது என்பேன். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நச்சு ஏறி, தூங்கிக்கொண்டிருந்த குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். சிலவகை மருந்து காற்றில் உள்ள ஈரம் பட்டதும் நச்சு வாயுவை விடும்; மூடிய அறையில் அதற்கு வெளியே போக வழி இருக்காது.

பசைபோல இருக்கும் மருந்தை வடையில் தடவி அடுப்படி மூலையில் வைக்கிறார்கள். தவழும் குழந்தையின் கண்ணுக்கு அது வடைதான். அதை வாயில் வைத்த குழந்தை ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு, அடுத்த நாள் நன்றாக விளையாடும். ‘சரியாகிவிட்டது’ என்று இருந்துவிடாதீர்கள். சில மருந்துகள் இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் கல்லீரலைத் தாக்கும். விளையாடிக்கொண்டிருந்தாலும் தூக்கிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வாருங்கள். வரும்போது அந்த மருந்தின் கவரையோ டியூபையோ கையோடு கொண்டுவாருங்கள். உள்ளே போனது எது என்று தெரிந்தால் ஒரு நிமிடம்கூட வீணாகாது.