பழைய பாலிஷ் போனால்தான் கருநிறம் ஏறும்

புதுச்சேரியில் பழைய மரச்சாமான் வாங்குகிறவர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு: மஞ்சளாகப் பளபளக்கும் தேக்கு நாற்காலி, ஈட்டி மரம் போலக் கறுத்துத் தெரிய வேண்டும். மரத்துக்கு நிறமேற்றும் திரவமான ஸ்டெயினில், வால்நட் நிறத்தில் ஒரு டப்பா வாங்கி மேலே தேய்த்தால் போதாதா? போதாது. பூசியதில் பாதி துடைக்கிற துணியோடு வந்துவிடும், மீதி திட்டுத் திட்டாக நிற்கும்.

ஸ்டெயின் மரத்துக்குள் இறங்க வேண்டிய பொருள். மரம் உயிரோடு இருந்தபோது நீரேற்றிய நுண்குழாய்கள், அறுத்துப் பலகையான பிறகும் அப்படியே இருக்கின்றன. நிறம் போய் உட்காருவது அவற்றில்தான். பாலிஷின் வேலையோ அந்த வாய்களை அடைப்பது.

அடைத்திருப்பது எது என்று முதலில் பார்க்க வேண்டும். மறைவான மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ். அரக்குப் பூச்சி சுரந்த பிசினை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியிருக்கிறார்கள். ஸ்பிரிட் ஆவியாகிப் போனதால் காய்ந்தது, மறுபடி ஸ்பிரிட் பட்டால் கரைகிறது. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லையா? அநேகமாக பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ். அது காயும்போதே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகிவிடுகின்றன, கரைப்பதற்கு எதுவும் இல்லை. பெயிண்ட் ரிமூவர் அதைக் கரைப்பதில்லை. வலைக்குள் புகுந்து ஊதவைக்கிறது. ஊதிய படலம் சுருக்கம் விழுந்து மரத்தைவிட்டுக் கிளம்பும், அப்போது சுரண்டி எடுக்கலாம். இந்த வேலையில் கெட்டிக்காரப் பொருள் டைகுளோரோமீத்தேன். ஆனால் மூச்சில் போனால் உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும்; பெயிண்ட் நீக்குவதற்காக அதைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கா 2019-இல் தடை செய்தது. அறைக்குள் வைத்துச் செய்யாதீர்கள்.

அப்புறம் உப்புத்தாள். நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும்; 80-இல் தொடங்கி 120, 150 என்று போய் 180-இல் நிறுத்துவது நல்லது. 320 வரை போய்க் கண்ணாடி போல இழைத்தால் கைக்குச் சுகம்தான், ஸ்டெயினுக்கு இடமில்லை. நிறமித் துகள்கள் தங்குவதற்குக் கீறல் வேண்டும். சாயம் கலந்த ஸ்டெயின் வேறு ரகம்: துகளாக இல்லாமல் கரைந்திருப்பதால் நார்களுக்குள்ளேயே ஊறும், கூடுதலாகக் கறுக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும்.

ஒரே பலகையிலும் நிறம் ஒன்றுபோல ஏறாது. வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர்ப் பகுதி, அதிகம் குடிக்கும்; நடுவில் வைரம் பாய்ந்த பகுதி குறைவாகக் குடிக்கும். குறுக்கே அறுத்த முனையில் குழாய் வாய்கள் நேராகத் திறந்திருப்பதால் அது கன்னங்கரேலென்று ஆகிவிடும். அந்த முனையை மட்டும் இன்னும் நைசாகத் தேய்த்து வைப்பார்கள். பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரச் சாமான் தனிக்கதை. வருஷக்கணக்கில் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பான அதை இழைத்தால் உள்ளிருந்து பழைய மஞ்சள் எட்டிப் பார்க்கும். அந்த மஞ்சளையும் கணக்கில் வைத்துத்தான் ஸ்டெயினைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டப்பா இல்லாமலும் கறுக்க வைக்கலாம். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறப்போட்டால் இரும்பு உப்புக் கரைசல் கிடைக்கும். மரத்தில் கடுக்காய்த் தண்ணீர் பூசிக் காயவிட்டு இதைத் தடவினால், துவர்ப்புப் பொருளான டானினும் இரும்பும் சேர்ந்து சில நிமிடங்களில் கருநீலக் கறுப்பு பிறக்கும். ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சாயத்துணிகளின் கறுப்பும் இதே வேதியியல்தான். எனக்கு வால்நட் டப்பாவைவிட இந்தக் கறுப்பு பிடிக்கும், மரத்தின் நரம்பு வரிகளை மூடாது.

கடைசியாக மேல் பாலிஷ். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தொடாமல் இருப்பது உத்தமம். ஸ்பிரிட்டும் தின்னரும் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது; ஈரக்காற்றின் நீர் அதில் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. கருநிற மரத்தின் மேல் அது பால் தெளித்தது போல வெள்ளையாகத் தெரியும். காய்ந்த நாள் பார்த்து மெல்லிசாகக் கொஞ்சம் ஸ்பிரிட்டோ தின்னரோ, எது பொருந்துமோ அதை அடித்தால், படலம் திரும்ப இளகி நீர் வெளியேறிவிடும்.