மறுதொடக்கத்தில் மறையும் பிழை: ஒரே மேப்பைப் பல கோரூட்டீன்கள் தொடும்போது

கோ மொழியில் எழுதப்பட்ட ஒரு சர்வர் நெரிசல் மிகுந்த வேளையில் திடீரென விழுந்து, சர்வர்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் அதைச் சற்று நேரத்தில் மீண்டும் எழுப்பிவிட்டால், பல குழுக்கள் மெமரியைக் கூட்டியோ பாட்களின் (ஓடும் பிரதிகளின்) எண்ணிக்கையை உயர்த்தியோ அன்றைய வேலையை முடித்துக்கொள்கின்றன. இத்தகைய சர்வர்களை ஆராயும் பணியில் இருப்பவன் என்ற முறையில் நான் முதலில் வேண்டிக்கொள்வது, விழுந்த கண்டெய்னரின் (சர்வர் ஓடும் தனி உறையின்) பதிவுகள் அழிவதற்கு முன் அவற்றை எடுத்துப் படியுங்கள் என்பதே. அங்கே ‘ஃபேட்டல் எரர்: கன்கரண்ட் மேப் ரீட் அண்ட் மேப் ரைட்’ (ஒரே மேப்பை ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் செய்தார்கள்) என்ற வரி இருக்குமானால், கோளாறு நிரலில் இருக்கிறது. நெரிசல் அதை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

கோ மொழியின் மேப், அதாவது சாவியும் மதிப்புமாகத் தரவை வைக்கும் அமைப்பு, ஒரே நேரத்தில் பல கோரூட்டீன்கள் (நிரலுக்குள் இணையாக ஓடும் பணிகள்) படிப்பதைத் தாங்கும். ஒன்று எழுதும்போது மற்றொன்று படிப்பதையோ எழுதுவதையோ தாங்காது. 2016-இல் வெளிவந்த 1.6 பதிப்பிலிருந்து, இத்தகைய மோதலைக் கண்டால், நிரலை ஓட்டும் கோவின் உள்பகுதியான ரன்டைம், முழு ப்ராசஸையும் நிறுத்திவிடுகிறது. இது சாதாரண பேனிக் (ஓட்டத்தின் நடுவே எழும் பிழை) அல்ல என்பதால், பேனிக்கைப் பிடிக்கும் ரிக்கவரை எழுதி இதைப் பிடிக்க முடியாது. இதைச் சிலர் கடுமை என்கிறார்கள். நான் நன்மையாகவே கருதுகிறேன். ஜாவாவில் 8-ஆம் பதிப்புக்கு முன்பு, ஒரு நேரத்தில் ஒருவரையே அனுமதிக்கும் பூட்டில்லாமல் பகிரப்பட்ட ஹாஷ்மேப் (அம்மொழியின் மேப்) விரிவடையும் தருணத்தில் அதன் உட்சங்கிலி வளையமாகிவிடக்கூடும். அப்போது சர்வர் விழாமலே சிபியுவை முழுவதுமாகத் தின்றுகொண்டிருக்கும், காரணம் எங்கும் பதிவாகாது.

ஸ்டாக் டிரேஸை, அதாவது விழுந்த வேளையில் ஓடிக்கொண்டிருந்த நிரல் வரிகளின் பட்டியலை, படிக்கும்போது ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அதில் முதலில் தெரியும் வரி, மோதல் கண்டறியப்பட்ட இடம் மட்டுமே. மோதிய மற்றொரு கோரூட்டீன் அதற்குள் தன் வேலையை முடித்து நகர்ந்திருக்கலாம். ஆகவே அந்த வரிக்கு மட்டும் பூட்டுப் போட்டால் சர்வர் அடுத்த வாரம் வேறொரு வரியில் விழும். அந்த மேப்பைத் தொடும் எல்லா இடங்களையும் தேடிப் பட்டியலிட வேண்டும்.

‘நாங்கள்தான் மியூடெக்ஸ் (பூட்டு) போட்டிருக்கிறோமே’ என்று பலர் சொல்வதுண்டு. உண்மைதான், எழுதும் இடங்களில் பூட்டு இருக்கும். படிக்கும் இடத்தில் இருக்காது. இதைவிட நுட்பமானது, லாகின் செய்தவர்களின் செஷன்களை வைத்திருக்கும் மேப்பை மொத்தமாகத் தரும் ஃபங்ஷன்: அது பூட்டை முறையாக எடுத்து, மேப்பை ரிட்டர்ன் செய்து, ஃபங்ஷன் முடியும்போது ஓடும் டிஃபர் வழியாகப் பூட்டை விடுவிக்கிறது. படிக்கும்போது எல்லாம் சரியாகவே தோன்றும். ஆனால் வெளியே போனது மேப்பின் நகல் அல்ல, அதே மேப்தான். அழைத்தவர் அதை ஜேசன் என்னும் உரை வடிவமாக மாற்றும்போது, மாற்றும் என்கோடர் பூட்டில்லாமல் ஒவ்வொரு சாவியாக நடந்துகொண்டிருக்க, மறுபுறம் புதிதாக ஒருவர் லாகின் செய்கிறார், சர்வர் விழுகிறது. பூட்டுக்குள் இருக்கும்போதே புதிய மேப்பில் நகலெடுத்துத் தருவதே இதற்குத் தீர்வு. மதிப்புகள் பாயிண்டர்களாக (வேறிடத்தில் உள்ள தரவின் முகவரிகளாக) இருந்தால் அவை சுட்டும் தரவையும் நகலெடுக்க வேண்டும்.

மேப்பையும் பூட்டையும் ஒரே ஸ்ட்ரக்டில், தனி பேக்கேஜில், வெளியே தெரியாத பெயர்களில் வைத்து, மெத்தட்கள் வழியாக மட்டுமே தொட விடுவது என் பரிந்துரை. படிப்பவர் பலரையோ எழுதுபவர் ஒருவரையோ அனுமதிக்கும் ஆர்டபிள்யூமியூடெக்ஸ் என்ற பூட்டு பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். இணையாகத் தொடுவதற்கென்றே கோ தரும் சிங்க்.மேப்பை எல்லா இடத்திலும் புகுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் சாவிகளுக்கும், ஒவ்வொரு கோரூட்டீனும் வெவ்வேறு சாவிகளைத் தொடும் நிலைக்கும் உரியது அது.

திருத்தியபின், இத்தகைய மோதல்களைக் கண்டுபிடிக்கும் கோவின் கருவியான ரேஸ் டிடெக்டருடன் பில்ட் செய்து ஸ்டேஜிங்கில் (சோதனைச் சூழலில்) ஓட்ட வேண்டும். மெமரி 5 முதல் 10 மடங்கும், ஓடும் நேரம் 2 முதல் 20 மடங்கும் கூடும் என்பதால் இதை நேரடிப் பயன்பாட்டில் நிரந்தரமாக வைக்க இயலாது. ஆனால் அது தரும் அறிக்கை, மோதிய இரு வரிகளையும், அந்தக் கோரூட்டீன்கள் உருவான இடங்களையும் சேர்த்துக் காட்டும். ஓடாத பாதையில் உள்ள மோதல் அதன் கண்ணில் படாது. எனவே யூனிட் டெஸ்ட்களோடு நின்றுவிடாமல், சர்வர் விழுந்த வேளையில் வந்த அதே வகை ரெக்வெஸ்ட்களை, படிப்பதும் எழுதுவதுமாகக் கலந்து, இணையாக அனுப்பிச் சோதிக்க வேண்டும்.